கலிபோர்னியாவில் விவாகரத்து: தேதிகள், படிவங்கள், சென்னையில் செல்லுமா?

#1 கொள்ளிடம்

அமெரிக்காவில் விவாகரத்து மாநிலச் சட்டம். டெக்சாஸ் விதி வேறு, நியூ ஜெர்சி விதி வேறு. இந்த மன்றத்தின் பழைய இழைகளில் எல்லாம் கலந்து கிடப்பதால், கலிபோர்னியாவை மட்டும் தனியே எடுத்துப் பேசுவோம்.

ஊரில் வக்கீல் முதலில் கேட்பது "என்ன காரணம்?" என்று. கலிபோர்னியா 1970 ஜனவரி 1 முதல் அதைக் கேட்பதை விட்டுவிட்டது. மனுவில் இரண்டே காரணங்கள்: சரிசெய்ய முடியாத வேறுபாடு, அல்லது முடிவெடுக்கும் சட்டத் திறனை ஒருவர் நிரந்தரமாக இழந்த நிலை. ஏறக்குறைய எல்லோரும் முதல் கட்டத்தைத்தான் டிக் செய்கிறார்கள். கள்ள உறவுக்கான நாற்பது பக்கம் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துச் சொத்துப் பங்கு ஒரு டாலர்கூட மாறாது. (குடும்ப வன்முறை வேறு கணக்கு. அது பிள்ளைப் பொறுப்பையும் ஜீவனாம்சத்தையும் நேராகத் தொடும்.) காரணம் கேட்காத கோர்ட் தேதி கேட்கும். திருமண தேதி, பிரிந்த தேதி, சர்வ் ஆன தேதி (மனு முறைப்படி எதிர்த்தரப்பு கையில் சேர்ந்த நாள்), தீர்ப்புத் தேதி. பணமும் விசாவும் இந்த நான்கில்தான் நிற்கின்றன.

தகுதி: தம்பதியில் ஒருவர் மாநிலத்தில் 6 மாதம், மனு போடும் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 3 மாதம் குடியிருந்திருக்க வேண்டும். டெக்சாஸிலிருந்து போன மாதம்தான் வந்தீர்களா? சட்டப்படி பிரிந்து வாழ்வதற்கான மனுவுக்கு இந்தக் காலக்கெடு கிடையாது. அதைப் போட்டுவிட்டு, 6 மாதம் ஆனதும் விவாகரத்தாகத் திருத்திக்கொள்ளலாம்.

படிவங்கள்: மனு எஃப்எல்-100, சம்மன் எஃப்எல்-110, 18 வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் எஃப்எல்-105. கட்டணம் கவுன்டியைப் பொறுத்து 435 முதல் 450 டாலர். எதிர்த்தரப்பு பதில் போட்டால் அவருக்கும் அதே தொகை. வருமானம் குறைவென்றால் எஃப்டபிள்யூ-001 போட்டு விலக்குக் கேட்கலாம்.

சம்மனின் இரண்டாம் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. அங்கே தானாக அமலாகும் தடை உத்தரவுகள் இருக்கின்றன. மனு போட்டவருக்கு அப்போதிருந்தே, எதிர்த்தரப்புக்குச் சர்வ் ஆனதிலிருந்து. எழுத்துச் சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் பிள்ளையை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, பிள்ளைக்குப் புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கக் கூடாது, இன்சூரன்ஸை நிறுத்தவோ வாரிசுப் பெயரை மாற்றவோ கூடாது, அன்றாடச் செலவுக்கு மேல் சொத்தை மாற்றக் கூடாது. வக்கீல் கட்டணம் கொடுக்கலாம். மனு போட்ட மறுநாள் கூட்டுக் கணக்கிலிருந்து அப்பாவுக்கு 60,000 டாலர் அனுப்பிவிட்டு "அது வழக்கமா அனுப்புறதுதான்" என்று சொல்பவர்கள் முந்தின 12 மாத ஸ்டேட்மென்ட்டைக் காட்ட வேண்டியிருக்கும்.

#2 வெட்டிப்பேச்சு

நல்ல ஆரம்பம் சார். சர்வ் பண்றதுல நடக்குற கூத்தை நான் சேர்க்கிறேன்.

"ஆறு மாசத்துல விவாகரத்து கிடைச்சிடும்"னு எல்லாரும் சொல்றாங்க. ஆறு மாசம் எப்போலிருந்து? மனு போட்ட நாள்லேருந்து இல்லீங்க. எதிர்த்தரப்புக்கு சர்வ் ஆன நாள், இல்லேன்னா அவங்க கோர்ட்டுல ஆஜரான நாள், எது முதல்ல வருதோ அதுலேருந்து. ஜனவரி 10 மனு, மார்ச் 25 சர்வ்னா, செப்டம்பர் கடைசிக்கு முன்னாடி கல்யாண பந்தம் அறுபடாது. அப்பவும் அது தானா நடக்காது. தீர்ப்புக் காகிதத்தை நீங்க தாக்கல் பண்ணி, கோர்ட் அதைப் பதிவு பண்ணணும். ஆறு மாசம்ங்கிறது குறைந்தபட்சம், அவ்ளோதான். வீடு, பிள்ளைன்னு சண்டை இருந்தா ரெண்டு வருஷம் சாதாரணம்.

மனுதாரர் தானே கையில குடுக்கக் கூடாது. 18 வயசு தாண்டிய, வழக்குல சம்பந்தமில்லாத ஆள் குடுக்கணும். நண்பர் குடுக்கலாம், ஷெரிஃப் குடுக்கலாம், காசு குடுத்து ஆளும் வைக்கலாம். குடுத்தவர் எஃப்எல்-115ல கையெழுத்துப் போட்டு அதைத் தாக்கல் பண்ணணும். அதைத் தாக்கல் பண்ண மறந்துட்டா கோர்ட் பதிவுல சர்வ் ஆகவே இல்லை. பதில் போட 30 நாள். போடலைன்னா எஃப்எல்-165ல டிஃபால்ட் (அவங்க பதில் இல்லாமலே தீர்ப்பு) கேட்கலாம், ஆனா 31ஆம் நாள் எதுவும் தானா நடந்துடாது.

சுமுகமா இருக்கிறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2026 ஜனவரி முதல் ரெண்டு பேரும் சேர்ந்தே கூட்டு மனு போடலாம். முன்னாடி இது 5 வருஷத்துக்குள்ள பிரியுற, பிள்ளை இல்லாத, வீடு இல்லாத, சொத்தும் கடனும் குறைவான ஜோடிக்கு மட்டும் எஃப்எல்-800ன்னு இருந்துச்சு. அந்தக் குறுக்கு வழியும் இன்னும் இருக்கு.

#3 ஐகோர்ட் மூலை

எதிர்த்தரப்பு சென்னையிலோ திருச்சியிலோ இருந்தால், வெட்டிப்பேச்சு சொன்ன முறை அப்படியே பொருந்தாது. கோர்ட் காகிதங்களை வெளிநாட்டில் சர்வ் செய்வது பற்றிய ஹேக் சர்வீஸ் உடன்படிக்கையில் இந்தியா இருக்கிறது (2006இல் சேர்ந்தது, 2007 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறை). அதிலேயே தபால் வழியாகவும் தனியார் வழியாகவும் கொடுப்பதற்கு ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது. ஆக, கூரியரில் அனுப்பி மாமனார் வாங்கிக் கையெழுத்துப் போட்டாலும் அது சர்வ் ஆகாது. அந்தச் சர்வை நம்பி வாங்கிய டிஃபால்ட் தீர்ப்பைப் பின்னால் செல்லாததாக்க முடியும்.

முறையான வழி, டெல்லியில் சட்ட அமைச்சகத்திலிருக்கும் மைய அதிகாரிக்கு வேண்டுகோள் படிவத்துடன் இரண்டு பிரதி அனுப்புவது. அங்கிருந்து மாவட்ட நீதிமன்றம், அங்கிருந்து அமீனா. மாதக்கணக்கில் ஓடும். கதவு எண், பின்கோடு தவறினால் திரும்பிவரும்.

இதைத் தவிர்க்க இரண்டு வழிகள். ஒன்று, எதிர்த்தரப்பே எஃப்எல்-120 பதிலோ எஃப்எல்-130 ஆஜர் படிவமோ கட்டணம் கட்டித் தாக்கல் செய்வது. ஆஜரானால் சர்வ் பற்றிய கேள்வியே எழாது. இன்னொன்று, அவர் கலிபோர்னியாவில் கால் வைக்கும்போது இங்கேயே கையில் கொடுப்பது.

இன்னொரு சிக்கல். கலிபோர்னியாவில் ஒரு நாளும் வாழாத மனைவி மீது அந்தக் கோர்ட் திருமண பந்தத்தை மட்டும் அறுக்கலாம். சொத்து, ஜீவனாம்சம் பற்றி அவரைக் கட்டுப்படுத்தும் உத்தரவு போட அதிகாரம் இருக்காது. "தீர்ப்பு வாங்கிட்டேன், எல்லாம் முடிஞ்சது" என்பவர்கள் பாதிதான் முடித்திருக்கிறார்கள்.

#4 சுண்டல்

பிரிந்த தேதின்னா வீட்டை விட்டு வெளியே போன தேதியா? ஒரே அபார்ட்மென்ட்ல வேற வேற ரூம்ல இருந்தா? சான்ஹோசேல ரெண்டு வாடகை யாரால குடுக்க முடியும்.

#5 கொள்ளிடம்

சுண்டல், உங்கள் கேள்விக்கு 2015இல் ஒரு பதில், 2017இல் வேறு பதில். 2015இல் டேவிஸ் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், தனித்தனி வீட்டில் இருந்தால்தான் பிரிந்ததாகக் கணக்கு என்றது. வாடகை நிலவரம் தெரிந்த சட்டமன்றம் அதை மாற்றியது. 2017 ஜனவரி 1 முதல் குடும்பச் சட்டம் 70ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது: திருமணத்தை முடிக்கும் எண்ணத்தை மற்றவரிடம் தெரிவித்தாரா, நடத்தை அந்த எண்ணத்தோடு ஒத்துப்போகிறதா. ஒரே கூரையின் கீழ் இருக்கலாம்.

நடத்தை என்ற சொல்தான் கழுத்தை நெரிக்கும். "மார்ச் 1 முதல் பிரிந்துவிட்டோம்" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, மே மாதம் ஜோடியாகக் கிரகப்பிரவேசத்தில் மணையில் உட்கார்ந்த படம் முகநூலில் இருந்தால், தேதி மே மாதத்துக்கு அப்பால் தள்ளிப்போகும். வங்கிக் கணக்கைப் பிரித்தது, தனிப் படுக்கை, இரு வீட்டாருக்கும் சொன்னது, ஆலோசகரை நிறுத்தியது என்று எல்லாம் சாட்சி.

ஏன் இத்தனை முக்கியம்? திருமண நாளிலிருந்து பிரிந்த நாள் வரை இருவரில் யார் சம்பாதித்தாலும் கூட்டுச் சொத்து, சரிபாதி. பிரிந்த மறுநாள் சம்பளம் தனிச் சொத்து. கம்பெனி ஒதுக்கிய பங்குகள் பெரிதாக வெஸ்ட் ஆகும் (முழு உரிமையாகக் கைக்கு வரும்) ஆண்டில் இந்தத் தேதி மூன்று மாதம் நகர்ந்தால் ஒரு கார் விலை நகரும். கடனுக்கும் இதே கோடுதான்.

#6 கணக்கர்

பங்குக்கு வருகிறேன். ஆர்எஸ்யூ-வில் (கம்பெனி ஊழியருக்கு ஒதுக்கும் பங்கு) வழக்குகளின் பெயரில் இரண்டு சூத்திரங்கள்: ஹக் (1984), நெல்சன் (1986). ஹக்கில் எண்ணிக்கை வேலைக்குச் சேர்ந்த நாளில் தொடங்கும். நெல்சனில் பங்கு ஒதுக்கிய நாளில் தொடங்கும். இரண்டிலும் மேலே பிரிந்த தேதி வரையான காலம், கீழே வெஸ்ட் ஆகும் தேதி வரையான காலம்.

திருமணத்துக்குப் பின் 2018 ஜனவரி 1 வேலை, 2021 ஜனவரி 1 ஒதுக்கீடு, 2025 ஜனவரி 1இல் 1,000 பங்கு வெஸ்ட், பிரிவு 2023 ஜனவரி 1. ஹக்: 5/7, அதாவது 714 பங்கு கூட்டு, துணைக்கு 357. நெல்சன்: 2/4, 500 கூட்டு, துணைக்கு 250. ஒரே ஒதுக்கீட்டில் 107 பங்கு வித்தியாசம். ஒவ்வொரு வெஸ்ட் தேதிக்கும் தனித்தனியாக இந்தக் கணக்கைப் போட வேண்டும். ஒதுக்கீட்டுக் கடிதத்தைத் தேடி எடுங்கள். "கடந்த உழைப்பைப் பாராட்டி" என்று இருந்தால் ஹக் பக்கம், "எதிர்காலத்தில் தக்கவைக்க" என்று இருந்தால் நெல்சன் பக்கம்.

வரியை மறக்காதீர்கள். வெஸ்ட் ஆகும்போது முழுத் தொகையும் வேலை பார்ப்பவரின் டபிள்யூ-2வில் (ஆண்டுச் சம்பளச் சான்று) ஏறும். கம்பெனி பிடிப்பது மத்திய வரி 22%, மாநிலம் 10.23%. அவருடைய உண்மையான வரி விகிதம் அதைவிடக் கூட இருக்கலாம். "வரி போக மீதியில் பாதி" என்று எழுதாமல் "பாதி பங்கு" என்று எழுதினால் ஒருவர் மற்றவரின் வரியையும் கட்டுவார்.

வீடு. திருமணத்துக்கு முன் ஒருவர் பெயரில் 8 லட்சம் டாலருக்கு வாங்கியது, கடன் 6 லட்சம். திருமணக் காலத்தில் சம்பளத்திலிருந்து அசலில் 80,000 அடைத்தார்கள், விலை 4 லட்சம் ஏறியது. மூர்-மார்ஸ்டன் (இதுவும் வழக்குகளின் பெயர்) கணக்கு: 80,000 ÷ 8,00,000 = 10%. ஏற்றத்தில் 10% 40,000. அதோடு அடைத்த 80,000. கூட்டுப் பங்கு 1,20,000, துணைக்கு 60,000. வட்டி, சொத்து வரி, இன்சூரன்ஸ் கட்டியது கணக்கில் வராது. முதல் பத்து வருடத் தவணையில் பெரும்பகுதி வட்டிதான் என்பதால், "மாசம் அஞ்சாயிரம் கட்டினேனே" என்பவர்களுக்குக் கிடைப்பது எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

திருமணத்துக்குப் பின் இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டுக்கு ஒருவரின் அப்பா ஊரில் நிலம் விற்று முன்பணம் அனுப்பினால் குடும்பச் சட்டம் 2640ஆம் பிரிவு: அந்தத் தொகை வட்டியில்லாமல் அந்த மகனுக்கோ மகளுக்கோ திரும்பும், ஆதாரம் காட்டினால். இங்கேதான் வங்கிக்குக் கொடுத்த அன்பளிப்புக் கடிதம் வெளியே வரும். "மகனுக்கும் மருமகளுக்கும்" என்று எழுதியிருந்தால் பாதி போயிற்று. "திருப்பித் தர வேண்டியதில்லை" என்ற வரி அதில் கட்டாயம் இருக்கும் என்பதால், பிறகு அப்பா "கடனாகத்தான் கொடுத்தேன்" என்றால் எடுபடாது. ஆண்டுக்கு 1 லட்சம் டாலருக்கு மேல் வெளிநாட்டு அன்பளிப்பு என்றால் அமெரிக்க வருமான வரித்துறைக்கு 3520 படிவம் போயிருக்க வேண்டும். அது இருந்தால் நல்ல ஆதாரம்.

401(கே) என்ற கம்பெனி ஓய்வூதியச் சேமிப்பைப் பிரிக்கத் தனி கோர்ட் உத்தரவு வேண்டும், க்வாட்ரோ என்பார்கள். தீர்ப்போடு சேர்த்தே முடித்துவிடுங்கள். பெறுபவர் திட்டத்திலிருந்து நேராகப் பணம் எடுத்தால் 10% அபராதம் இல்லை, வருமான வரி மட்டும். ஐஆர்ஏ என்ற தன் சொந்த ஓய்வூதியக் கணக்குக்கு மாற்றிவிட்டு 59½ வயதுக்கு முன் எடுத்தால் அபராதம் உண்டு.

#7 வெட்டிப்பேச்சு

> "கடந்த உழைப்பைப் பாராட்டி" என்று இருந்தால் ஹக் பக்கம்

கணக்கர் சார், இப்பல்லாம் கம்பெனிக் கடிதத்துல ரெண்டுமே இருக்கும். "உங்கள் பங்களிப்புக்கும், தொடர்ந்து வளரவும்"னு. நீதிபதிக்கு எந்தச் சூத்திரம்னு தேர்ந்தெடுக்க இடம் இருக்கு. அதனால பேரம் பேசுறவங்க ரெண்டையும் போட்டுப் பார்த்து நடுவுல நிக்கிறதுதான் நடக்குது. 107 பங்குக்காக ரெண்டு பக்கமும் நிபுணர் வெச்சா, அந்த 107ம் நிபுணருக்கே போயிடும்.

#8 நெய்தல்

எச்-1பி வேலை விசாக்காரரின் துணையாக எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு நான்காம் தேதி, அதாவது தீர்ப்பில் திருமண நிலை முடியும் தேதி, எல்லாவற்றையும்விடப் பெரியது. அன்றோடு எச்-4 போய்விடும், அதை வைத்து வாங்கிய வேலை அனுமதியும் போய்விடும். வேலை போன எச்-1பி-க்கு 60 நாள் அவகாசம் உண்டு. விவாகரத்தான எச்-4க்கு அப்படி எதுவும் இல்லை. மனு போட்டதாலோ, சர்வ் ஆனதாலோ, தனி வீட்டில் இருப்பதாலோ எச்-4 போகாது. எனவே படிப்பு விசாவுக்கோ வேறு நிலைக்கோ மாற ஐ-539 விண்ணப்பம் தீர்ப்புக்கு முன்னால் உள்ளே போயிருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் பேசி வாங்கக்கூடிய ஒன்று: சொத்தை இப்போதே பிரித்துவிட்டு, திருமண நிலை முடியும் தேதியைத் தீர்ப்பில் தள்ளி வைப்பது. எஃப்எல்-180 தீர்ப்புப் படிவத்தில் அந்தத் தேதிக்குத் தனி இடமே இருக்கிறது. சிலர் "சட்டப்படி பிரிவு மட்டும் போதும், எச்-4 நிற்கும்" என்கிறார்கள். நிற்கும். ஆனால் எதிர்த்தரப்பு ஆஜராகி விவாகரத்துதான் வேண்டும் என்றால், அவர் சம்மதமில்லாமல் பிரிவுத் தீர்ப்புக் கிடைக்காது.

கிரீன் கார்டு வரிசையில் துணையாக ஐ-485 போட்டுக் காத்திருப்பவர், அது அங்கீகாரம் ஆவதற்கு முன் விவாகரத்தானால் அந்த விண்ணப்பம் விழும். கார்டு கைக்கு வந்தபின் ஆனால் விழாது. இது தெரிந்தே சிலர் அவசரப்படுத்துகிறார்கள், சிலர் இழுத்தடிக்கிறார்கள்.

குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ குடும்ப வழியில் துணையை அழைத்தபோது கையெழுத்திட்ட ஐ-864 உறுதிமொழி விவாகரத்தோடு முடியாது. வறுமைக்கோட்டு அளவின் 125% வரை தாங்கும் கடமை நீடிக்கும். 2017இல் குமார் வழக்கில் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைக் குடும்ப நீதிமன்றத்திலேயே கேட்கலாம் என்றது. வேலை வழி கிரீன் கார்டில் பொதுவாக இந்தப் படிவம் கிடையாது. அதேபோல், வன்முறைக்குள்ளான துணை தானே மனு செய்யும் விசா வழி, மற்றவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்தால்தான். எச்-1பி துணையின் வன்முறைக்கு ஆளான எச்-4க்குத் தனி வேலை அனுமதிப் படிவம் ஐ-765வி இருக்கிறது. அதையும் மணவாழ்க்கை சட்டப்படி இருக்கும்போதே யோசிக்க வேண்டும்.

#9 சுண்டல்

பத்து வருஷம் தாண்டினா வாழ்நாள் முழுக்க ஜீவனாம்சம்ங்கிறாங்களே, உண்மையா அக்கா? ஒன்பதரை வருஷத்துல மனு போடுறவங்க இருக்காங்களாம்.

#10 கொள்ளிடம்

நெய்தல் மேடம் விடுமுறையில் இருப்பார் போல, நான் சொல்கிறேன். வாழ்நாள் முழுக்க இல்லை. திருமண நாள் முதல் பிரிந்த நாள் வரை 10 ஆண்டு ஆனால் அது நீண்ட திருமணம். கோர்ட் தன் அதிகாரத்தைத் தேதி குறிக்காமல் வைத்துக்கொள்ளும். பின்னால் குறைக்கலாம், நிறுத்தலாம். 10 ஆண்டுக்குக் குறைந்தால் பொதுவாகத் திருமணக் காலத்தில் பாதி. 8 ஆண்டு என்றால் 4. பெறுபவர் நியாயமான காலத்தில் தன் காலில் நிற்க முயல வேண்டும் என்ற எச்சரிக்கையையும் தீர்ப்பில் எழுதுவார்கள். கேவ்ரன் எச்சரிக்கை என்று பெயர்.

வழக்கு நடக்கும்போது கிடைக்கும் இடைக்கால ஜீவனாம்சம் வேறு. அதற்குக் கவுன்டி சூத்திரம். சான்டா கிளாராவில் கொடுப்பவரின் நிகர வருமானத்தில் 40%, கழித்தல் பெறுபவரின் நிகரத்தில் 50%. ஒருவருக்கு மாதம் நிகரம் 10,000, மற்றவருக்கு 2,000 என்றால் 4,000 − 1,000 = 3,000 டாலர். பிள்ளைச் செலவுத் தொகை இருந்தால் முதலில் அதைக் கழித்துவிட்டுப் போடுவார்கள். இறுதித் தீர்ப்பில் இந்தச் சூத்திரத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. அங்கே 4320ஆம் பிரிவின் காரணிகள்: வாழ்ந்த தரம், வேலையை விட்டு வீட்டைப் பார்த்தது, வயது, உடல்நிலை, வன்முறை.

இது தானாக வராது. எஃப்எல்-300 கோரிக்கையும் எஃப்எல்-150 வருமானப் படிவமும் தாக்கல் செய்த நாளுக்கு முந்தைய மாதங்களுக்கு இடைக்கால ஜீவனாம்சம் கிடைக்காது. "பெரியவர்கள் பேசி முடிக்கட்டும்" என்று எட்டு மாதம் காத்திருந்தால் எட்டு மாதமும் போனதுதான். போனஸ், ஆர்எஸ்யூ ஏறி இறங்கும் ஆளுக்கு மாதத் தொகையைக் குறைவாக வைத்து, மேலே வரும் பணத்துக்குச் சதவீத அட்டவணை போடுவார்கள். வக்கீல்கள் ஆஸ்லர்-ஸ்மித் என்பது அதைத்தான்.

2018க்குப் பிந்தைய தீர்ப்புகளில் மத்திய வரியில் கொடுப்பவருக்குக் கழிவு இல்லை, பெறுபவருக்கு வருமானமும் இல்லை. பழைய வலைப்பக்கங்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

#11 கணக்கர்

நம் ஆட்கள் அதிகம் வழுக்கி விழும் இடத்தை யாரும் சொல்லவில்லை. எஃப்எல்-142, சொத்து-கடன் பட்டியல். மனு போட்ட 60 நாளுக்குள் எஃப்எல்-140, எஃப்எல்-142, எஃப்எல்-150, கடந்த 2 ஆண்டில் தாக்கல் செய்த வரிக் கணக்குகள் எல்லாவற்றையும் எதிர்த்தரப்பிடம் கொடுக்க வேண்டும். கோர்ட்டில் தாக்கல் செய்வது கொடுத்ததற்கான எஃப்எல்-141ஐ மட்டும்.

உலகத்தில் எங்கே இருந்தாலும் எழுத வேண்டும்: என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குகள், பிஎஃப், எல்ஐசி, சீட்டு, பெரம்பலூரில் அப்பாவோடு கூட்டாகப் பத்திரம் போட்ட மனை, லாக்கர் நகை. "அது இந்தியாவில் இருக்கிறது, இவர்களுக்கு எப்படித் தெரியும்" என்று விடுபவர்களுக்கு ராஸ்ஸி வழக்கு (2001): பிரியும் முன் விழுந்த லாட்டரிப் பணம் சுமார் 13 லட்சம் டாலரை மறைத்த மனைவி, பாதி அல்ல, முழுவதையும் கணவரிடம் இழந்தார். ஃபெல்ட்மன் வழக்கில் (2007) மறைத்ததற்காக மட்டும் 2,50,000 டாலர் தண்டம், வக்கீல் செலவு 1,40,000 தனி. எதிர்த்தரப்புக்கு நஷ்டம் ஏற்பட்டதா என்றுகூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது ஆபத்து இதற்கு நேர் எதிர். எஃப்எல்-142இல் யோக்கியமாக நாலு இந்தியக் கணக்கை எழுதுவார்கள். கூடவே கொடுக்கும் வரிக் கணக்கில் "வெளிநாட்டுக் கணக்கு உண்டா" என்ற இடத்தில் "இல்லை" என்று டிக் இருக்கும். எல்லாக் கணக்குகளிலும் சேர்த்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலர் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை போட்டிருக்க வேண்டும். கூட்டு வரிக் கணக்கென்றால் இருவரும் மாட்டுவீர்கள். இதைப் பட்டியல் கொடுக்கும் முன் வரி ஆலோசகரிடம் சரிசெய்யுங்கள், கொடுத்த பின் அல்ல.

#12 ஐகோர்ட் மூலை

தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வருவோம், சென்னையில் செல்லுமா?

இந்து முறையில் இந்தியாவில் நடந்த திருமணம் என்றால், அடிப்படைத் தீர்ப்பு ஒய். நரசிம்மராவ் எதிர் வெங்கடலட்சுமி, உச்ச நீதிமன்றம், 1991. வெளிநாட்டுத் தீர்ப்பு, தம்பதியின் திருமணச் சட்டத்தில் உள்ள காரணத்தின் மீது இருக்க வேண்டும். "சரிசெய்ய முடியாத வேறுபாடு" இந்து திருமணச் சட்டத்தில் காரணமே அல்ல. அதனால் ஒருவர் மட்டும் வாங்கிய கலிபோர்னியத் தீர்ப்பை வைத்து ஊரில் மறுமணம் செய்தால் இருதார வழக்குக்கே கதவு திறக்கும். எதிர்த்தரப்பு அந்தத் தீர்ப்புக்குச் சம்மதித்திருந்தால் மட்டும் நிலைமை வேறு. ஆகவே இருவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் "இந்த நீதிமன்ற அதிகார வரம்பையும் விவாகரத்தையும் மனமார ஏற்கிறோம்" என்ற வாசகம் இருக்கட்டும்.

அதையும் தாண்டி உறுதி வேண்டுபவர்கள் இந்தியாவில் இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு போடுகிறார்கள். ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், பிறகு இரண்டாம் கட்டத்துக்கு 6 மாதம். 2017 அமர்தீப் சிங் தீர்ப்புக்குப் பின் அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். உறவினருக்குப் பவர் கொடுத்தும் காணொலியிலும் நடத்தலாம். பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். இதை மறந்து பத்திரம் மறுபடி கடல் தாண்டுவது வழக்கமான கூத்து. சுயமரியாதைத் திருமணம் என்றாலும் இதே விதிதான். 1967இல் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவால் அதுவும் இந்து திருமணமே.

அப்படியானால் 13-பி மட்டும் போதாதா என்று கேட்பார்கள். கலிபோர்னியாவில் 401(கே) இருந்தால் போதாது. ஓய்வூதியத் திட்டத்தைப் பிரிக்கும் உத்தரவு அமெரிக்க மாநிலக் குடும்பச் சட்டத்தின் கீழ் வந்திருக்க வேண்டும் என்று அங்குள்ள மத்தியச் சட்டம் சொல்கிறது. சென்னைக் குடும்ப நீதிமன்ற முத்திரை இருந்தாலும் திட்ட நிர்வாகி திருப்பி அனுப்பிவிடுவார்.

மறுபக்கம், சென்னை ஃபிளாட்டைக் கலிபோர்னியக் கோர்ட் கணக்கில் எடுத்து ஈடு கட்டலாம், ஆனால் உரிமையை மாற்ற முடியாது. விடுதலைப் பத்திரமோ செட்டில்மென்ட்டோ சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு முடிந்து வில்லங்கச் சான்றில் ஏறும் வரை அமெரிக்கப் பக்கத்தின் கடைசித் தவணையைக் கொடுக்காமல் வைக்கும் ஷரத்து நல்லது.

#13 நெய்தல்

விடுமுறை இல்லை, வேலை. பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாக.

பொறுப்பு இரண்டு வகை: முடிவெடுக்கும் உரிமை, கூட வைத்திருக்கும் நேரம். சச்சரவு இருந்தால் விசாரணைக்கு முன் கோர்ட் சமரசப் பேச்சு கட்டாயம். பணத்தொகை மாநிலம் முழுக்க ஒரே சூத்திரம். இருவர் வருமானமும் நேரச் சதவீதமும்தான் உள்ளே போகும். 18 வயது வரை, பள்ளி முடியவில்லை என்றால் 19 வரை. கல்லூரிச் செலவு சட்டத்தில் இல்லை, வேண்டுமானால் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இந்தியா 1980 ஹேக் பிள்ளைக் கடத்தல் உடன்படிக்கையில் இல்லை. பிள்ளையோடு கோடை விடுமுறைக்குப் போனவர் திரும்ப மறுத்தால், இங்கே இருப்பவர் கையைப் பிசைந்துகொண்டு இருக்கக் கூடாது. பிள்ளை கடைசி 6 மாதம் வாழ்ந்த இடமே சொந்த மாநிலம். கிளம்பிய 6 மாதத்துக்குள் இங்கே மனு போட்டால் கலிபோர்னியாவின் அதிகாரம் நிற்கும். ஏழாம் மாதம் போட்டால், சென்னையே சொந்த இடம் என்ற வாதத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். பயணத்துக்குச் சம்மதிக்கும்போதே திரும்பும் தேதியோடு எழுத்தில் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் பிணைத்தொகை கேளுங்கள், அமெரிக்க வெளியுறவுத் துறையின் பிள்ளைப் பாஸ்போர்ட் எச்சரிக்கைப் பட்டியலில் பெயரைச் சேருங்கள்.

#14 வெட்டிப்பேச்சு

நகை பாக்கி இருக்கு. பொண்ணு வீட்டுல போட்டது பொண்ணோட தனிச் சொத்து, அன்பளிப்புங்கிறதால. கல்யாணத்துக்கு அப்புறம் சம்பளத்துல வாங்கினது கூட்டு. ஆனா லாக்கர் மாமியார் பேர்ல டி.நகர்ல இருந்தா இந்தக் கோர்ட்டால அதைத் திறக்க முடியாது. எஃப்எல்-142ல நகை எழுத இடம் இருக்கு, அதுல எடை போட்டு எழுதுங்க. கல்யாண ஆல்பம், நகைக்கடை ரசீது சேருங்க. மாமியார்கிட்டேருந்து மீட்கணும்னா அது இந்தியாவுல சீதன வழக்கு.

#15 கொள்ளிடம்

கடைசியாக, தீர்ப்புக் கட்டு ஏன் திரும்பி வருகிறது என்பது. ஒத்துப்போன ஜோடிகளுக்கே இது இரண்டு மூன்று முறை நடக்கும், ஒவ்வொரு முறையும் வாரக்கணக்கில் போகும்.

எஃப்எல்-141 இரண்டு தரப்பிலும் இல்லாதது முதல் காரணம். தீர்ப்புக்கு முன் தரும் இறுதிச் சொத்துப் பட்டியலை எஃப்எல்-144 மூலம் இருவரும் விட்டுக்கொடுக்கலாம்; மனு போட்ட 60 நாளுக்குள் தரும் முதல் பட்டியலை அப்படி விட முடியாது. எதிர்த்தரப்பு பதில் போடாமல் ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்திட்டிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு நோட்டரி வேண்டும். எஃப்எல்-100இல் ஒரு பிரிந்த தேதி, ஒப்பந்தத்தில் வேறு தேதி. எஃப்எல்-180இல் திருமணம் முடியும் தேதியை 6 மாதத்துக்கு முன்னதாகப் போட்டது. எஃப்எல்-190 தீர்ப்பு அறிவிப்புக்குத் தபால்தலை ஒட்டிய உறைகள் வைக்காதது. ஆம், இதற்கும் திருப்புவார்கள்.

வீட்டை ஒருவர் வைத்துக்கொண்டால், பத்திரத்தில் பெயரை எடுப்பது வேறு, வங்கிக் கடனில் பெயரை எடுப்பது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டவர், வீடு இல்லாமல் கடன் மட்டும் வைத்திருப்பார். "தீர்ப்பிலிருந்து 120 நாளுக்குள் மறுகடன், இல்லையேல் விற்பனை" என்று தேதியோடு எழுதுங்கள். மருத்துவக் காப்பீட்டுக்கும் கெடு உண்டு: தீர்ப்பான 60 நாளுக்குள் திட்டத்துக்குத் தெரிவித்தால், துணையின் கம்பெனிக் காப்பீட்டைத் தொடரவிடும் கோப்ரா சட்டத்தில் 36 மாதம் வரை நீட்டிக்கலாம். 61ஆம் நாள் கேட்டால் இல்லை.